உடன் வந்தவர்

பதினாலாம் அறையில் எலி என்று
ராத்திரி ஒன்றரைக்கு வந்து நின்றாள்
ஜார்க்கண்டுக்காரி.
எலிக்கு அவள் சொன்ன சொல் எனக்குப் பிடிபடவில்லை.
இரண்டு விரலைக் காதருகே மடக்கி
முன்பல்லால் காற்றைக் கொறித்துக் காட்டினாள்.
வந்து பதினேழு நாளில்
அன்றுதான் சிரித்துப் பார்த்தேன் அவளை.

காந்தி ரோட்டுக்குப் பின்சந்து.
கடைக்குக் கடை மருந்துக்கடை,
நடுவில் ஒரே ஒரு பெயிண்ட் கடை.
எலிமருந்து இருக்கா என்றேன்.
"ஆளுக்குன்னாதான் சீட்டு கேப்பாங்க,
எலிக்கு எதுக்கு சீட்டு" என்று
பச்சைக் கட்டி ஒன்றைக் கல்லாவில் வைத்தார் தனகோட்டி.

நோட்டை நீட்டிய கை பாதியில் நின்றது.
இரண்டு ராத்திரி ரயிலேறி
மருந்து மருந்து என்று வந்து இறங்கும் சனம்.
தரையில் அரிசி, தரையில் உருளைக்கிழங்கு,
ஸ்டவ்வுக்கு ஒரு முழம் தள்ளி
தரையிலேயே படுக்கை.
அந்தச் சொல்லுக்கு இந்தச் சந்தில்
ஒரு அர்த்தம் போதும்.

கம்பிக்கூண்டு வாங்கி வந்தேன்.
அறை நடுவில் வைத்ததைப் பார்த்துவிட்டுப்
பெருக்க வந்த ஷமீம் விளக்குமாற்றை ஊன்றி நின்றாள்.
"இன்னா சார், எலிக்குக் கல்யாணமா,
நடு ஊட்ல வந்து ஒக்கார?
செவுத்த ஒட்டி வெய்யி.
ரெண்டு நாளு கதவக் கட்டிப் போடு,
துன்னுட்டுப் போவட்டும்.
மூணாம் நாளு மாட்டு."

மசால்வடைக்கு வரவில்லை.
கருவாட்டுக்குப் பூனை வந்தது,
பூனைக்குப் பயந்து பன்னிரண்டாம் அறை அலறியது.
கடைசியில் அவள்தான்
ஊர்ப்பையிலிருந்து ஒரு பிடி பொரி எடுத்து
கடுகெண்ணெயில் பிசைந்து கொடுத்தாள்.
பெரிய 'றி' போட்ட பொறிக்குள்
சின்ன 'ரி' போட்ட பொரி.
விடிய ஒரு மணி நேரம் இருக்க
கதவு விழுந்தது.

வாலில் ஒரு சொட்டு வெள்ளிப் பெயிண்ட் வைத்தேன்,
தனகோட்டியின் உபயம்.
கோட்டை அகழி ஓரம் திறந்துவிட்டு
மொபெட்டில் திரும்பி
டீ குடித்தேன் வீரனைப் போல.

நான்காம் நாள் கூண்டுக்குள்
அதே வெள்ளி வால்.
என்னைப் பார்த்து மீசையைத் துடைத்துக்கொண்டது.

எங்கள் பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு:
வந்த காரணம்.
சிகிச்சை என்று எழுதுவார்கள், இல்லையென்றால்
உடன் வந்தவர்.
இதை எதில் எழுத?

இந்த முறை பாலாற்றுப் பாலம் தாண்டி
மணலும் முள்ளுமாய்க் கிடந்த இடத்தில் விட்டேன்.
வந்து, குளியலறைக் குழாயைச் சுற்றி விரலால் தடவினால்
பழைய நாலணா அகலத்தில் ஓட்டை.
பதினோரு வருஷமாக இங்கே கணக்கு எழுதுகிறேன்,
ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.
பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரைத் திணித்து
மேலே சிமெண்ட் பூசினேன்.
ஹயாத் பாய் முனகிக்கொண்டே
இருபத்திரண்டு அறைக்கும்
மூடி போட்ட டின் வாங்கிக் கொடுத்தார்.

அப்புறம் பொறி காலியாகவே இருந்தது.
அவர்களும் கிளம்பிப் போனார்கள்,
மறுபடி வரவேண்டிய தேதி எழுதிய
அட்டையோடு.

ஐப்பசியில் வந்தாள்,
புருஷனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு.
சாவியை வாங்காமல் நின்று
இரண்டு விரலைக் காதருகே மடக்கினாள்.
எங்கே?

வடக்கே கை காட்டினேன்.
ஆற்றில் என்றேன். நதி என்றேன்.
நதி அவளுக்குப் புரிந்தது.
வரும்போது ரயில் ஜன்னலில் பார்த்திருக்கிறாள்
பாலாறு இரு கரையும் முட்டிப் போவதை.
அவள் முகம் மாறியது.

அது பிழைத்துக்கொள்ளும் என்பதை
எந்த மொழியில் சொல்வது?
பேனாவைக் கீழே வைத்தேன்.
கல்லாவுக்குப் பின்னால் எழுந்து நின்று,
வரிசையில் ஒன்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க,
இரண்டு கையாலும் காற்றைத் தள்ளித் தள்ளி
தலையை மேலே தூக்கி
நீந்திக் காட்டினேன்.