ஐம்பத்தெட்டாம் எண்

தரையை நான் துடைக்கவில்லை.
ஃபார்கோவிலிருந்து ஆட்கள் வந்தார்கள்,
வெள்ளை உடுப்பு, சொந்த வாளி.
இருபத்திரண்டு வருடம் நான் தேய்த்த தரை
இரண்டே நாளில் எனக்கு அந்நியமாயிற்று.

மிஞ்சியது லாக்கர்கள்.
பூட்டு எண்கள் எல்லாம் என்னிடம்தான்,
துடைப்ப அறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டிய தாளில்.
"ஆறு" என்றார் ஷெரீப் ஓடெகார்ட்.
ஏழு இல்லையா என்றேன்.
தொப்பியைக் கழற்றினார்,
அதன் உள்ளே எதையோ பார்த்தார்,
திரும்பப் போட்டுக்கொண்டார்.

கெல்வெர் சின்ன ஊர்.
தானியக் கிடங்கு ஒன்று, தேவாலயம் இரண்டு.
யார் வண்டி போகிறது என்பதைத்
திரைச்சீலை விலக்காமலே சொல்லிவிடுவோம்,
எஞ்சின் இருமுவதை வைத்து.
யாரோடு யார் பேசுவதில்லை என்பதும் தெரியும்.
துப்பாக்கியோடு வந்தவனையும் தெரியும்,
அவன் ஞானஸ்நானத்தில் கேக் தின்றவர்கள் நாங்கள்.
எல்லாம் தெரியும் என்றுதான் இருந்தோம்.

ஆறு அட்டைப்பெட்டி, ஆறு பெயர்,
ஒரு மணி நேர வேலை என்று கணக்கு.
பிரிட்டாவின் லாக்கரில் ஜோரியின் மேலங்கி.
ஜோரியின் லாக்கரில் வேடின் கால்குலேட்டர்,
பின்புறம் அண்ணன் பெயரைச் சுரண்டிவிட்டு
அவன் பெயர் எழுதியது.
வேடிடம் யாருடையதோ
ஒற்றைப் பனிச்சறுக்குக் காலணி.
கொடுத்ததும் வாங்கியதுமாய்
ஒருவர் பொருளுக்குள் ஒருவர் குடியிருந்திருக்கிறார்கள்.
எந்தப் பெட்டியில் எதைப் போட?
உட்கார்ந்துவிட்டேன்,
புதிதாக மணக்கும் அந்தத் தரையில்.

அந்த வாரம் ஊர் முழுக்கக் கதவு தட்டல்.
துக்க வீடுகளுக்கு வந்த பாத்திரங்கள்
அடியில் ஒட்டிய டேப்பில் பெயர் பார்த்துத்
திரும்பிப் போயின.
அவற்றோடு மேலங்கியும் கால்குலேட்டரும்.
வாங்கியவர்கள் முகர்ந்து பார்த்தார்கள்.
நன்றி சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல்
வாசலில் நின்று பனியைப் பற்றிப் பேசினார்கள்.

ட்ரினா வீட்டுக்கு ஒரு பாத்திரமும் போகவில்லை.
அவளும் ஒரு பிள்ளையைப் புதைத்தாள்,
வேறு மாவட்டத்தில், விடியுமுன்.
மளிகைக்கடையில் அவள் நின்ற கல்லா மூடிக் கிடக்கிறது.
மற்றதில் வரிசை நீளம்.
யாரும் முணுமுணுப்பதில்லை.

டியர்னியின் அப்பா லைல்
தன் பெட்டியை அங்கேயே கிளறினார்.
"சிவப்புக் கையுறை இல்லையே, வெர்லின்.
அவள் அம்மா பின்னியது.
தேடிக்கொண்டே இருக்கிறாள்."
பார்க்கிறேன் என்றேன்.

ஏழாவதை ஏப்ரலில் திறந்தேன்.
யாரும் திறக்கச் சொல்லவில்லை.
ஐம்பத்தெட்டாம் எண்.
படம் இல்லை, கடிதம் இல்லை,
இதுதான் காரணம் என்று
எடுத்துக் காட்ட ஒன்றும் இல்லை.
பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம்.
நூலகத்துக்குத் திருப்பித் தராத
தேனீ வளர்ப்புப் புத்தகம்.
அதன்மேல் சிவப்புக் கையுறை,
ஜோடியாக, மடித்து.

ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது.
பேருந்துக்கு நின்றவனின் விரல்கள்
வெந்ததுபோல் சிவந்திருந்ததை நானும் பார்த்தேன்.
பார்த்தேன்.
படிகளில் உப்புத் தூவிக்கொண்டிருந்தேன்.

அவள் கழற்றிக் கொடுத்திருக்கிறாள்.

மூன்று நாள் என் சட்டைக்குள் வைத்திருந்தேன்.
பிறகு லைலைக் கூப்பிட்டேன்.
எங்கே இருந்தது என்றார்.
எண்ணை மட்டும் சொன்னேன்.

வண்டியில் ஏறி, கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார்.
ஒரு கையுறையை மாட்டப் பார்த்தார்.
கட்டைவிரல் வரைதான் போயிற்று.
அப்படியே ஓட்டிப் போனார்.

நாற்சந்தியில் வலப்பக்கம் அவர் வீடு.
இடப்பக்கம் திரும்பினார்.
அங்கே இருப்பது
ஆறு, மூடிய ரயில் நிலையம், ட்ரினா வீடு.

எஞ்சின் எங்கே இருமி நிற்கிறது என்று
துடைப்பத்தைப் பிடித்தபடி
படியில் நின்று கேட்டேன்.
அன்று காற்று அதிகம்.