சனிக்கிழமை ஊர்

ஆறு ஊராட்சிகளுக்கும் நான் ஒருத்திதான் செயலாளர்.
திங்கள் ப்ராதெஸ். செவ்வாய் கோர்வால்.
புதன் லூன்ச்சிஸ். இப்படியே பள்ளத்தாக்கில் ஏறி
சனிக்கிழமை ராவேசில் முடியும் என் வாரம்.
ஞாயிறு எந்த ஊருக்கும் கிடையாது.

காரின் பின்னிருக்கையில்
ஆறு ஊர் முத்திரைகளும் ஒரே பிஸ்கட் டப்பாவில்
உரசிக் குலுங்கி வரும்.
ஊர்கள் அவ்வளவு நெருங்கியதில்லை.
கோர்வாலின் பனி தள்ளும் வண்டி
எல்லைக்கல் வரை வந்து, அலகைத் தூக்கிக்கொண்டு
திரும்பிவிடும்.
அதற்கு மேல் கிடப்பது ராவேசின் பனி.
ஏதோ ஒரு மேய்ச்சல் நிலத்தின் வழக்கு,
தீர்ப்பு வந்தது யாருக்கும் நினைவில்லை,
கோபம் மட்டும் கோப்பில் இருக்கிறது.

தனித்தனியே விளம்பரம் கொடுத்துப் பார்த்தோம்.
ஒரு நிறுவனமும் வரவில்லை.
லூன்ச்சிஸ் நூலகத்துக்குப் பதினொரு தகடு
என்றால் யார் மலையேறி வருவார்கள்?
மின்கட்டணம் மட்டும் தவறாமல் ஏறி வந்தது.

ஆகவே ஒரே ஒப்பந்தப்புள்ளி, ஆறு ஊருக்கும்.
பள்ளிகள், நீரேற்று நிலையம், தீயணைப்புக் கொட்டகை,
கல்லறைக்காரர் மண்வெட்டி வைக்கும் அறைகூட.
எர்மெஸ் மொரோக்குத்தி ஏணியோடு அலைந்து
ஒவ்வொரு கூரையையும் அளந்தார்.

ராவேசுக்குத் தெற்கே மலை.
நவம்பர் நடுவில் அதன் பின்னால் போகும் சூரியன்
பிப்ரவரியில்தான் திரும்பி வரும்.
அந்த மாதங்களின் கட்டங்களில்
எர்மெஸ் பென்சிலால் பூஜ்யம் போட்டார்.
அழித்தார்.
மறுபடி அதையே போட்டார்.

கூட்டத்தில் ஐந்து மேயர்கள் மேசையைப் பார்த்தார்கள்.
ராவேசின் மேயர் ஈல்டே செஸ்குத்தி,
காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்,
கையுறையைக் கழற்றாமலே கேட்டாள்:
"எத்தனை கிலோவாட் இருந்தால் விலை இறங்கும்?"
இருநூறு.
"உங்கள் ஐந்து ஊரும் சேர்ந்தால்?"
நூற்று எண்பத்து மூன்று.
"எங்கள் தேவை பத்தொன்பது" என்றாள்,
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
கூட்டல் எல்லோருக்கும் தெரியும்.

வெப்பக்குழாய் இரண்டு முறை முனகியது.
கோர்வாலின் தார்சீசியோ சானியர்
புகார் சொல்வது போலச் சொன்னார்:
"எங்கள் உடற்பயிற்சிக் கூடத்தில்
தெற்குச் சரிவு சும்மாதான் கிடக்கிறது."

அந்த ஒரு வாக்கியத்தைத் தீர்மானமாக்க
எனக்கு மூன்று வரைவு ஆனது.
வெயில் யாருடையது என்று சட்டத்தில் இல்லை,
கூரை யாருடையது என்று இருக்கிறது.
ராவேசின் நாற்பத்தாறு தகடுகள்
கோர்வாலின் ஓடுகள் மேல்:
எந்த முத்திரை குத்துவது?
இரண்டையும் குத்தினேன்.
இடம் போதாமல் ஒன்றின் விளிம்பு
மற்றதன் மேல் ஏறிவிட்டது.

டிசம்பரில், என் சனிக்கிழமையில்,
விடிந்தும் விடியாத ராவேஸ் அலுவலகத்தில்
விளக்குப் போட்டேன். எரிந்தது.
எப்போதும் எரிவது போலத்தான்.
சுவரிலிருந்த சிறு திரை சொன்னது:
கீழே உற்பத்தி, நான்கு கிலோவாட்.
ஜன்னலில் இன்னும் அதே நீல நிழல்.

ஜனவரியில் முழங்காலளவு பனி. திரையில் பூஜ்யம்.
ஈல்டே பேருந்துச் சக்கரத்தில் சங்கிலி மாட்டி
நான்கு பேரையும் நீளக்கழித் துடைப்பங்களையும்
ஏற்றிக்கொண்டு கோர்வாலுக்கு இறங்கினாள்.
"நம்முடையது எது?"
பனிக்கு அடியில் எது யாருடையது என்று
எர்மெசுக்கே சொல்லத் தெரியவில்லை.
முணுமுணுத்துக்கொண்டே
முழுக் கூரையையும் தள்ளினார்கள்.
தார்சீசியோ காப்பி அனுப்பினார்; தான் வரவில்லை.

பனி வண்டி இன்றும் எல்லைக்கல்லில்
அலகைத் தூக்கித் திரும்புகிறது.

என் மேசையில் ஒரு ரசீது:
துடைப்பம் ஐந்து, ஐம்பத்து நான்கு யூரோ.
எந்த ஊர்க் கணக்கில் எழுதுவதென்று
டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறேன்.