முதுகு காட்டிப் போகிறவர்கள்

தண்டு வலிக்கிறவனுக்குப்
போகிற ஊர் தெரியாது.
திசைக்கு முதுகைக் கொடுத்துவிட்டு
விட்டு வந்ததையே பார்த்திருப்போம்.
கொரிந்து சுருங்கிச் சுருங்கி
ஒரு பூண்டுப் பல் ஆனது.

அந்தப் பயணத்தில் லைசனியாஸ் வந்தார்.
மெழுகுப் பலகை நாலு, செருப்பு ஒரு சோடி.
சிசிலியில் ஒரு கொடுங்கோலன்
புத்தி கேட்டு ஆள் அனுப்பியிருந்தானாம்.
முதல் நாள் முழுக்க வாந்தி.
இரண்டாம் நாள் பேச்சு.

கடல்நீரில் விரல் நனைத்து
எனக்கு எதிர்ப்பலகையில்
வட்டம் ஒன்று போட்டார்.
"இது காயும். வட்டம் காயாது.
நகரமும் அப்படித்தான்.
ஏதென்ஸ் கோணல், ஸ்பார்ட்டா கோணல்;
கோணாத ஒன்று இருக்கிறது, மனக்கண்ணுக்கு மட்டும்.
அதைக் கண்டவன் ஆள வேண்டும்.
விண்மீன் அறிந்தவன் கையில்தானே
சுக்கானைக் கொடுக்கிறீர்கள்?"

"கொடுப்பது நாங்கள் இல்லை ஐயா,
கப்பல்காரர்" என்றான் ஸ்கோபாஸ்.
சிரித்தோம்.
அவரும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

அந்த நகரத்தில் எங்களுக்கு என்ன வேலை என்றேன்.
"அவரவர் வேலையை அவரவர்."
பார்லி மாவை மதுவில் பிசைந்து தின்றபடி
யோசித்தேன்: அங்கேயும் வலிதான்.
துடுப்பு மட்டும் கோணாது போலும்.

மூன்றாம் இரவு மூடுபனி.
மேலே ஒரு மீனும் இல்லை.
கற்றதெல்லாம் மேகத்துக்கு அப்பால் இருக்க
அண்ணாந்து நின்றான் மீகாமன்.
ஸ்கோபாஸுக்கு ஒரு காது செவிடு.
மற்றக் காதில் பாறை கேட்டது.
"நிறுத்து" என்று அவன் முடிக்குமுன்
ஐம்பது துடுப்பும் தண்ணீரைக் கடித்து நின்றன.
நுரை, கைக்கெட்டும் தூரத்தில்.

"தற்செயல்" என்றார் லைசனியாஸ், நடுங்கிக்கொண்டே.
"அறிவு வேறு."
இருக்கலாம்.

அடுத்த வசந்தத்தில் அவரை ஏற்றி வந்ததும் நாங்களே.
பலகைகள் இல்லை. செருப்பு ஒன்று.
கொடுங்கோலன் மூன்று மாதம் கேட்டானாம்,
நான்காம் மாதம் கொட்டாவி,
ஐந்தாம் மாதம் கல்குழி.
அவர் சொல்லவில்லை. துறைமுகத்தில் காதில் விழுந்தது.

இம்முறை அமரத்துக்குப் போகாமல்
எங்கள் நடுவே குந்தினார்,
எங்களைப் போலவே
போகிற திசைக்கு முதுகு காட்டி.
பூண்டு கேட்டார். கொடுத்தேன்.
வெகுநேரம் கழித்து விரலை நனைத்து
வட்டம் தொடங்கினார்;
அலை ஒன்று தூக்கிப்போடப்
பாதியில் வழுக்கியது கை.
மீதியை யாரும் போடவில்லை.

வெயில் அதைத் துடைத்த பிறகும்
அந்தப் பலகையைப் பார்த்துத்தான் வலிக்கிறேன்.
பார்க்க எனக்கு வேறென்ன இருக்கிறது,
ஸ்கோபாஸின் முதுகைத் தவிர.