புகை போகும் பக்கம்

கடைச்சுவரில் பதினோரு புல்வெட்டிகள் தொங்குகின்றன,
கழுத்தில் விலைச்சீட்டோடு.
பத்தொன்பது வருடமாக என் வாயில் ஒரே பல்லவி:
வாசல் புல்லுக்கு வளைந்த தண்டு,
ஓடைக்கரைப் புதருக்கு நேரான தண்டு.
இருபத்தைந்து சிசி போதும் என்பவருக்கு முப்பதைக் காட்டு.
முப்பதைக் கேட்டு வருபவரை
ஒரு நிமிடம் தூக்கிக்கொண்டு நிற்கச் சொல்,
அவரே கீழே வைத்துவிடுவார்.

செவ்வாய்க்கிழமை ஆர்டித் ஸ்டிடம் வந்தாள்.
ஜீன்ஸின் இடது தொடையில்
பிஸ்கட் அளவுக்குப் பொசுங்கல்.
பழையது செத்துவிட்டதா என்றேன்.
"சாகவில்லை. தம்பிக்குக் கொடுத்துவிட்டேன்.
அவனுக்கு அது அடங்கி நடக்கிறது."

நிலம் எவ்வளவு?
"இரண்டு ஏக்கர். பாதி சரிவு.
மீதி, சரிந்து விழுந்தால் போய்ச் சேரும் இடம்."
இடுப்புயர ஜான்சன் புல்,
அதற்குள் பிளாக்பெர்ரி முள், விரல் தடிமனில் சூமாக் கன்றுகள்,
போன வசந்தத்து வெள்ளம் மறந்துவிட்டுப்போன
யாருடைய வேலிக்கம்பியோ.

பேட்டரி வகையைக் காட்டவில்லை.
ஓசார்க் மலைச்சரிவில் எந்த மரத்தில் செருகுவாள்?
மற்றதெல்லாம் சொன்னேன்:
இரண்டு ஸ்ட்ரோக் என்றால் ஐம்பது பங்குக்கு ஒரு பங்கு எண்ணெய்,
எத்தனால் கலக்காத பெட்ரோல்
பழைய பாலத்தடி பங்கில் மட்டும் கிடைக்கும்,
சதுர நரம்பு நன்றாக வெட்டும், முறுக்கு நரம்பு குறைவாகக் கத்தும்,
கன்றுகளுக்கு நரம்பைக் கழற்றிக் கத்தி மாட்டிக்கொள்.
எல்லாவற்றையும் கேட்டாள்,
பாதிரியார் முடிக்கட்டும் என்று காத்திருப்பவள்போல.

பிறகு கேட்டாள்:
"இது எந்தப் பக்கம் மூச்சு விடும்?"

பத்தொன்பது வருடத்தில்
ஒருவரும் கேட்காத கேள்வி.
சந்தையில் மாட்டுப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல
ஒவ்வொன்றாகத் திருப்பிப் புகைவாயைப் பார்த்தாள்.
வலம். வலம். வலம்.
வலக்கைக்காரனுக்கு அது விலாவை விட்டு விலகி
வெளியே ஊதிவிட்டுப் போகும்.
இடக்கைக்காரிக்கு அதே புகை
நேரே இடுப்புக்கு.

நம்பாமல் ஒன்றை வெளியே எடுத்துப்போனேன்,
லாரிகள் நிற்கும் சரளைமேட்டுக்கு.
சோக்கைப் போட்டு மூன்று இழுப்பு.
கைமாற்றி இடப்பக்கம் பிடித்தேன்.
அரை நிமிடம்கூட ஆகவில்லை,
சட்டைக்குள் யாரோ
இஸ்திரிப்பெட்டியோடு புகுந்த மாதிரி.
அணைத்துவிட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.
அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பதினொன்றில் இரண்டு பின்பக்கம் ஊதுபவை.
ஒன்று இருபத்திரண்டு சிசி,
அவளுடைய சூமாக் அதைப் பார்த்துக் கொட்டாவி விடும்.
மற்றது முப்பத்தொன்று.
போன வருட மாடல், பதினான்கு பவுண்டு,
மூடியில் நீளமாக ஒரு கீறல்.
எடுத்தவர்களெல்லாம் இழுக்க முடியவில்லை என்று வைத்துவிட்டார்கள்.
வரும் திங்கள் கம்பெனிக்குத் திருப்பியனுப்ப
அட்டைப்பெட்டிகூடத் தேடி வைத்திருந்தேன்.

தோள்பட்டையின் கொக்கியை மறுபக்கம் மாற்றி மாட்டினாள்.
காற்றில் இரண்டு வீச்சு, கடையின் காலண்டர் படபடத்தது.
"கனம்" என்றாள்.
கனம்தான் என்றேன்.
"கீறலுக்கு எவ்வளவு குறைப்பாய்?"
இருபது.
"அது கீறலுக்கு. ஒரு வருடமாகத் தூசி தின்றதற்கு?"
இன்னொரு பத்து போனது.

கையெழுத்துப் போட வந்தாள்.
கவுன்டரின் வல மூலையில்
சங்கிலி போட்டுப் பேனாவைக் கட்டி வைத்திருக்கிறோம்.
சங்கிலி எட்டவில்லை.
ஒன்றும் சொல்லாமல்
சட்டைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்தாள்.

அன்று மாலை விலைச்சீட்டுகளின் பின்னால்
சிசி, எடை, தண்டு என்பதற்குக் கீழே
ஒரு வரி சேர்த்தேன்: புகை, வலம்.
முதலாளி மகன் டார்வின் எட்டிப் பார்த்து
"இதை எவன் கேட்கப்போகிறான்?" என்றான்.
பேனாவையும் அவிழ்த்துவிட்டேன்.
மறுநாள் அது காணாமல்போனது, அது வேறு கதை.

சனிக்கிழமை நரம்புச்சுருள் வாங்க வந்தாள்.
அதே ஜீன்ஸ், பொசுங்கலின் மேல் ஒரு ஒட்டு.
எப்படி இருக்கிறது என்றேன்.
இடது தோளைப் பிசைந்துகொண்டே,
"தோள் போச்சு" என்றாள்.
"இடுப்பு பிழைத்தது.
தடித்த நரம்பாகக் கொடு."