ஐந்தாவது எழுத்து

குஹ்மோவில் முழங்கால்வரை பனி.
மீன் கடை ஹில்க்கா
செதில் ஒட்டிய கையோடு போனை எடுத்தாள்.
ஓவுலு ஆஸ்பத்திரி.
உங்கள் தம்பி ஓர்வோவின் நிலை...
அடுத்து வந்த சொல்லில் பாதியை
ஐஸ் பெட்டி மோட்டார் தின்றுவிட்டது.

வக்கா என்றால் நிலையாக இருக்கிறது.
வக்கவ என்றால் மோசம்.
நடுவே ஒரு வ,
பல் உதட்டைத் தொட்டு விலகும் நேரம்.

காலையில்தான் ரேடியோவில் கேட்டாள்:
வானிலை வக்கா, மைனஸ் இருபத்தாறு.
வட்டி விகிதமும் வக்கா.
காலுக்கடியில் அட்டை மடித்துச் செருகியதும்
இந்த ஆட்ட மேசைகூட வக்காதான்.
யாருக்கும் எதற்கும்
அள்ளிக் கொடுக்கிற சொல்.

திரும்ப அழைத்தாள்.
எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள்.
நர்ஸ் சலித்துக்கொள்ளவில்லை,
இவளுக்கு முன்பும் யாராவது கேட்டிருக்கலாம்.

வே.
ஆ.
கோ.
ஆ.

இதுவரை இரண்டு சொல்லும் ஒன்றே.
யாரோ தராசில் கொட்டிய பொடிமீனுக்கு
முள் ஆடிக்கொண்டிருந்தது.

ஆ.

அப்படியென்றால் தேறிவிடுவானா?
அப்படிச் சொல்லவில்லை, என்றாள் நர்ஸ்.
நேற்று எப்படியோ அப்படியே.
கண் திறக்கவில்லை.
மூச்சை மெஷின்தான் விடுகிறது.
ஏரிப் பனி உடைந்து
எவ்வளவு ஆழத்தில் விழுந்தானோ
அதே ஆழத்தில் இருக்கிறான்,
இன்னும் கீழே போகவில்லை.

ஹில்க்கா நன்றி சொன்னாள்.
அதற்கும் நன்றி சொல்லத்தான் தோன்றியது.

எவ்வளவு ஆச்சு, என்றார் கம்பளித் தொப்பிக்காரர்.
நானூறு கிராம், என்றவள்
முள் நின்றுவிட்டதா என்று
இன்னொரு முறை குனிந்து பார்த்தாள்.