வற்றுநேரம்

சாப்பாட்டு மேசையில் சாப்பாடு வைக்க இடமில்லை.
கடல் விரிந்து கிடக்கிறது.
நான்கு தாள்களை ஒட்டிச் செய்த
கோலா சிலாங்கூர் முகத்துவாரம்.
அதன் ஓரத்தில் சாம்பார்க் கிண்ணத்தின் வட்டம்.
"இது என்ன, நிலமா?" என்கிறான் குணாளன்.

வரைபடத்தில் மஞ்சள் என்றால் நிலம்.
நீலம் என்றால் கடல்.
பச்சை என்றால்
மணியைப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

படகின் பெயர் கொக்கு.
ஐந்தேகால் மீட்டர். அடிப்பலகையை மேலே இழுத்துவிட்டால்
முழங்கால் தண்ணீர் போதும் அதற்கு.
சாங்கியில் ஒரு கொட்டகைக்குள்
இழுவண்டிமேல் ஏறி உட்கார்ந்து
மாதாமாதம் வாடகை தின்கிறது.
இரண்டு வருடமாய் அது கண்ட உலகம்
புலாவ் உபினுக்கு இந்தப் பக்கம்தான்.

"பாயை எடுத்து வைத்துவிட்டாயா?"
எந்தப் பாய், விரிக்கிறதா, விரித்துப் படுக்கிறதா?
இரண்டும் ஒரே பையில்தான் இருக்கின்றன.

நம் ஊர்க் கடல் மரியாதை தெரிந்தது.
இரண்டு, இரண்டரை மீட்டர் ஏறும், இறங்கும்,
கற்சுவரைத் தொட்டுவிட்டு
மின்தூக்கி மாதிரி திரும்பிவிடும்.
அங்கே நாலரை மீட்டர்.
ஒரு மாடி உயரத் தண்ணீர்
எழுந்து வெளியே போய்விடுகிறது,
செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல்.

பன்னிரண்டு பங்காகப் பிரி.
முதல் மணியில் ஒரு பங்கு இறங்கும்,
அடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று, மறுபடி மூன்று,
இரண்டு,
ஒன்று.
"என் சம்பளம்" என்கிறான் குணாளன்.

குளிர்பதனப் பெட்டிக் கதவில் கிழிக்கிற நாள்காட்டி:
பௌர்ணமி வியாழக்கிழமை.
கடலுக்குச் செய்தி போய்ச் சேர இரண்டு நாள் ஆகும்.
ஆக, சனிக்கிழமை.

துவாஸ் பாலத்துக்கும் ஓதம் உண்டு.
வெள்ளி மாலை வெளியே பெருகும்,
ஞாயிறு இரவு உள்ளே.
நடுவில் இழுவண்டியோடு மாட்டிக்கொண்டால்
பின்னால் எடுக்கிற பேச்சே இல்லை.
தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இல்லையென்றால்
அலை அடிக்கும் முன்பே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.
அதனால் வியாழன் இரவே கிளம்புவது.

அமுதனைக் கேட்டேன், தொலைபேசியில்.
முகாமில் விளக்கணைக்கப் பத்து நிமிடம் இருந்தது.
"சேறா? அம்மா, வாரம் முழுக்க
அதில்தான் படுத்துக்கொண்டிருக்கிறேன்.
நீங்கள் போய்விட்டு வாருங்கள்."
பின்னால் யாரோ சிரித்தார்கள்.

விடுப்புப் படிவத்தில் காரணங்கள்:
ஆண்டு விடுப்பு, மருத்துவம், பராமரிப்பு, பிற.
நிலா இல்லை.
'பிற'வை அழுத்தினேன்.
விவரம் எழுதவும் என்றது.
'நீர்மட்டம்' என்று எழுதினேன்.
மேலாளர் கட்டடப் பராமரிப்பு என்று நினைத்திருக்க வேண்டும்,
உடனே அனுமதி வந்துவிட்டது.

குணாளன் அட்டவணையில் விரல் வைக்கிறான்.
"சனிக்கிழமை பத்து மணிக்குத் தரை தட்டும்.
மூன்றரைக்குத்தான் மிதக்கும்.
ஐந்தரை மணி நேரம் வீண்.
அடுத்த வாரம் சிற்றோதம், அப்போது போனால்
இந்தத் தொல்லையே இல்லையே."

நான் பதில் சொல்லவில்லை.
நடந்தும் வர முடியாது, படகிலும் வர முடியாது.
சுற்றிலும் மின்னுகிற சேறு,
அதில் பக்கவாட்டில் ஓடும் நண்டுகள்,
ஒரு பக்கம் லேசாய்ச் சாய்ந்த தரையில்
நாங்கள் இரண்டு பேர்
உருண்டுவிடாத மாதிரி உட்கார்ந்திருப்போம்.
பேசியே ஆக வேண்டும் என்றில்லை.
இருபத்து மூன்று வருடத்தில்
அப்படி ஒரு மதியம் எங்களுக்குக் கிடைத்ததாய் ஞாபகம் இல்லை.
பயணம் முழுவதையும்
அந்த ஐந்தரை மணி நேரத்தைச் சுற்றித்தான்
நான் கணக்குப் போட்டிருக்கிறேன்.
இதை அவனிடம் எப்படிச் சொல்வது?

திட்டத் தாளில்
பத்துக்கும் மூன்றரைக்கும் நடுவிலிருந்த கட்டத்தில்
'ஒன்றுமில்லை' என்று எழுதினேன்.

அவன் படித்தான்.
சாம்பார் வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.
பிறகு என் கையிலிருந்த பென்சிலை வாங்கி
அதற்குக் கீழே எழுதினான்:
குடை, இரண்டு.