நோக்கம் என்ற நிரல்

வெள்ளாங்குளத்திலிருந்து பதினொரு கிலோமீற்றர் உள்ளே,
பாலையும் வீரையும் வெயிலை நுணுக்கி விழுத்தும் இடத்தில்
என் காவற்கூடு.
ஒரு மேசை, ஒரு பதிவேடு, நூலில் கட்டிய பேனா.
பெயர். ஊர். வாகன இலக்கம். நோக்கம்.

வாசற்பலகையில் மூன்று மொழி.
தமிழில் 'புராதன' என்பதைப் 'புறாதன' என்று எழுதியிருக்கிறார்கள்.
திருத்தச் சொல்லி இரண்டு கடிதம் போட்டேன்.
இப்போது பழகிவிட்டது;
ஒன்றரைக் கோடி ஆண்டுக் கடலின் மேல்
ஒரு புறா இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆம், கடல்.
சுண்ணாம்புப் பாறையைக் குனிந்து பார்த்தால்
சிப்பி, சங்கின் சுருள், பெயரறியாத ஏதோ ஒன்றின் விலா.
பாறைக்கு மேலே செம்மண்ணில்
வேடர் கொத்திய படிகக்கல் சில்லுகள்,
நகக்கண் அளவு.

இந்த நிலத்தை இவ்வளவு காலம் யார் காத்தார்கள் என்று
வருகிறவர்கள் கேட்பார்கள்.
திணைக்களம் என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.
சொல்வேன்.
ஆனால் திணைக்களத்துக்கு முன்னால்
இருபது வருடம் காத்தது மிதிவெடி.
மண்டையோட்டுப் பலகைக்கு இப்பால்
கல்லுடைக்கிறவன் வரவில்லை,
கள்ள முதிரை தறிக்கிறவன்கூட வரவில்லை.

பிறகு நாங்கள் வந்தோம்,
முழங்காலில்.
ஒரு மீற்றர் அகலப் பாதை, வேர்வையில் மங்கும் முகக்கண்ணாடி.
டிடெக்டர் இரும்புக்கு மட்டும் அழும்.
சங்குக்கு அழாது. கல்லாயுதத்துக்கு அழாது.
எலும்புக்கும் அழாது;
எலும்பு வந்தால் கையை உயர்த்த வேண்டும்,
அதற்கு வேறு படிவம், வேறு அதிகாரி,
வேறு மாதிரியான மௌனம்.

போன ஆவணியில் பல்கலைக்கழகப் பிள்ளை ஒருத்தி
தூரிகையால் பாறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
கேட்டேன்: எத்தனை காலம் கிடந்தால், தங்கச்சி,
எலும்பு மரபு ஆகும்?
ஏதோ இலக்கம் சொல்ல வாயெடுத்தாள்,
பிறகு என் ஊரைக் கேட்டாள்,
பிறகு தூரிகையைக் கழுவப் போனாள்.

இன்று காலை வீரகத்தி பேரின்பம்.
உழவு இயந்திரச் சாரதி, வயது நாற்பத்து நான்கு.
தாய்வழியில் வேடர் என்று
அடையாள அட்டையில் இல்லாததைச் சொல்கிறவர்.
வாசலுக்குள் கால்வைக்க முன்
உலுவிந்தையில் ஒரு குழை முறித்தார்,
ஐயனார் கல்லின் மேல் வைத்தார்,
வெற்றிலையைத் துப்பாமல் விழுங்கினார்.

விதி நான்கு: மரம், கிளை, இலை எதையும் முறித்தல் குற்றம்.
தண்டப் பத்திரம் என் லாச்சிக்குள்.

'இது முறிக்கிறது இல்லை, பிள்ளை.
உள்ளுக்கை வாறன் எண்டு சொல்லுறது.'
'ஆரிட்டை?'
'உங்களிட்டை இல்லை.'

லாச்சியைத் திறந்தேன்.
தண்டப் பத்திரத்துக்குப் பக்கத்தில் மைலோப் பேணி.
அதற்குள் பதினொரு வருடமாக ஒரு சுறாப்பல்:
இருபத்தேழாம் பாதையில் கலைமதி கிண்டியெடுத்து
என் உள்ளங்கையில் வைத்துச் சிரித்தது,
அவள் கால் போவதற்கு இரண்டு நாள் முன்.
விதி ஏழு: எதையும் எடுத்துச் செல்லல் குற்றம்.

மூடினேன்.
நோக்கம் என்ற நிரலில்
'சொல்லிவிட்டுப் போதல்' என்று எழுதினேன்.
அவர் மெதுவாக வாசித்தார்,
எழுத்துப்பிழை தேடுகிறவர் மாதிரி.
கையெழுத்து வைத்தார், போனார்.

மத்தியானம் யானையொன்று
இளம் பாலையொன்றை அடியோடு சாய்த்தது.
தேத்தண்ணி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொழுதுபடப் பேணியைத் திறந்து
பல்லின் விளிம்பில் பெருவிரலை வைத்தேன்.
ஒன்றரைக் கோடி ஆண்டு.
இன்னும் வெட்டுகிறது.
பதிவேட்டில், அவர் பெயருக்கு நேரே, ஒரு துளி.
துடைக்கவில்லை.
நாளைக்குக் காய்ந்தால்
இந்த மண்ணின் நிறந்தானே.